ஜப்திக்குத் தப்பிய கிரைண்டர்

ஜூன் 9, திங்கள்

இன்று காலையில் வந்தவன் கேஸ் ஏஜென்சி ஆள் இல்லை. அடுப்பு ரப்பர் குழாயைப் பார்க்க வந்தேன் என்றான். குழாயைப் பார்த்ததைவிட டிவியைப் பார்த்ததுதான் அதிகம். "எத்தனை இன்ச்சு சார் இது?" என்று வேறு கேட்டான். குழாய்க்கும் இன்ச்சுக்கும் என்ன சம்பந்தம்? பேங்க்காரன் அனுப்பிய ஆள், சந்தேகமே இல்லை. பஞ்சவர்ணம் அவனுக்கு மோர் கொடுத்தாள். என் சம்சாரத்திடம் திருடன் வந்தாலும் மோர் குடித்துவிட்டுத்தான் போவான்.

நான் வீணாகச் சந்தேகப்படுகிறவன் இல்லை. இருபத்தாறு வருஷமாகக் கல்யாண மண்டபத்தில் மேலாளர். ஒவ்வொரு முகூர்த்தம் முடிந்ததும் கரண்டி, வாளி, ஜமுக்காளம் எல்லாம் எண்ணி வாங்கி வைக்கிறவன். பட்டுப்புடவை கட்டிய சம்பந்தியம்மாவின் பையிலிருந்து மண்டபத்து டம்ளர் கீழே விழுந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு ஒருவனுக்கு மனுஷர்கள்மேல் எங்கிருந்து நம்பிக்கை வரும்? முதலாளி வருஷா வருஷம் கொடுக்கிற இந்த டைரியிடம் மட்டும்தான் எதையும் சொல்ல முடிகிறது. இதையும் பீரோவில் வேட்டிக்கு அடியில் வைக்கிறேன்.

விஷயம் இதுதான். என் கிரெடிட் கார்டில் கொஞ்சம் பாக்கி நின்றது. வீட்டுச் செலவுதான், வேறென்ன. வட்டிமேல் வட்டி போட்டு மூன்றரை லட்சம் ஆக்கிவிட்டார்கள். பேங்க்காரன் கோர்ட்டுக்குப் போனான், நான் போகவில்லை. நாம் போகாவிட்டால் கேஸ் நடக்காது என்று என் சிநேகிதன் தனக்கோடி சொன்னான். நான் இல்லாமலே கேஸ் நடந்து தீர்ப்பும் வந்துவிட்டது. இனி வீட்டுச் சாமானை ஜப்தி செய்ய வருவார்களாம். பஞ்சவர்ணத்துக்கு எதுவும் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

ஜூன் 10, செவ்வாய்

பஞ்சவர்ணம் மத்தியானம் கோயிலுக்குப் போய்விட்டு வந்தாள். நெற்றியில் குங்குமம் இல்லை. கேட்டால் வேர்வையில் அழிந்துவிட்டதாம். போன செவ்வாயும் வேர்வை. அதற்கு முந்தின வெள்ளியும் வேர்வை. மீனாட்சியைப் பார்க்கப் போகிறவளுக்கு மட்டும் மதுரையில் அப்படி என்ன தனி வெயில்?

ஜூன் 13, வெள்ளி

பின்னாலேயே போனேன். கோயிலுக்குப் போகிற பஸ் வந்தது, ஏறவில்லை. கோர்ட்டுப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினாள். கையில் பிளாஸ்டிக் பை. நான் பழக்கடை மறைவில் நின்றேன். கடைக்காரன் சும்மா நிற்க விடாமல் ஒரு சீப்பு வாழைப்பழத்தை என் தலையில் கட்டிவிட்டான்.

சாயங்காலம் வந்து, "அம்மன் சன்னதியில் நல்ல கூட்டம்" என்றாள். முகத்தைப் பார்த்துச் சொன்னாள். வாழைப்பழம் ஏது என்று கேட்டாள். மண்டபத்தில் மிஞ்சியது என்றேன்.

முப்பது வருஷம் ஒரே இலையில் சாப்பிட்டது மாதிரி வாழ்ந்தவள். கோர்ட்டில் அவளுக்கு என்ன வேலை? விவாகரத்தா, அல்லது என்னைக் காட்டிக்கொடுக்கப் போகிறாளா?

ஜூன் 19, வியாழன்

அமீனா வந்துவிட்டான். கோர்ட்டிலிருந்து சாமானைத் தூக்க வருகிற ஆள். நான் மீசையும் தடியுமாக ஒருவனை எதிர்பார்த்தேன். வந்தவர் ஒல்லியாக, கண்ணாடி போட்டு, பள்ளிக்கூட கிளார்க் மாதிரி இருந்தார். விளக்கு வைக்கிற நேரம். பஞ்சவர்ணம் மாவுப் பாக்கெட் போட வெளியே போயிருந்தாள். நல்லவேளை.

"நாகலிங்கம் நீங்கதானே சார்? ஜப்தி உத்தரவு இருக்கு."

"உள்ள வாங்க" என்று வாய் தவறி வந்துவிட்டது.

"இல்ல சார், பொழுது சாஞ்சிருச்சு. சூரியன் எறங்குன பொறகு வீட்டுக்குள்ள நொழையக் கூடாது, அது சட்டம். பஸ் லேட்டாயிருச்சு. நாளைக்கு வேற எடத்துல வேல. திங்கக்கெழம காலையில வாறேன்."

சொல்லிவிட்டுப் போயேவிட்டார். வீட்டுக்குள் வரவே இல்லை. இதில்தான் சூது இருக்கிறது. சாமான் தூக்க வருகிறவன் நாள் குறித்துச் சொல்லிவிட்டு வருவானா? நான் எதையாவது ஒளிக்கட்டும், கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று கணக்கு. என்னிடமா?

டிவி போனால் போகட்டும். எனக்குக் கவலை கிரைண்டர்தான். பத்து லிட்டர் டில்டிங் கிரைண்டர். பஞ்சவர்ணம் சீட்டு எடுத்து வாங்கியது. அதில் மாவு அரைத்துத்தான் தினமும் அறுபது பாக்கெட் போடுகிறாள். என் சம்பளம் வாடகைக்கும் வட்டிக்கும் போய்விடுகிறது. உலை கொதிப்பது அந்தக் கல் சுற்றுவதால்தான். அது போனால் நாங்கள் இரண்டு பேரும் பட்டினி.

ஜூன் 21, சனி

காரியம் முடிந்தது. பஞ்சவர்ணம் மேலூருக்கு அக்கா பேத்தி காதுகுத்துக்குப் போயிருக்கிறாள். தனக்கோடி லோடு ஆட்டோவோடு வந்தான்.

தனக்கோடி என் சிநேகிதன். வாடகைப் பாத்திரக் கடை வைத்திருக்கிறான், பந்தல், மேடை அலங்காரமும் உண்டு. எங்கள் மண்டபத்துக்கு அவன்தான் எல்லாம். அண்டா, குண்டா, நாற்காலி, மேடை விளக்கு எதைப் புரட்டிப் பார்த்தாலும் சிவப்புப் பெயிண்டில் 'த.கோ.' என்று இருக்கும். வாடகைச் சாமானுக்கு அடையாளம் போடாவிட்டால் அடுத்த கடைக்காரன் சாமானோடு கலந்துவிடும்.

அதை வைத்துத்தான் எனக்கு யோசனை வந்தது. கிரைண்டர் அவன் குடோனில் தனியாகத் தெரிந்தால் யாராவது கேட்பான். ஆகவே டிரம்மில் ஒன்று, மோட்டார் மூடியில் ஒன்று, ஸ்டாண்டில் ஒன்று என்று மூன்று இடத்தில் நானே 'த.கோ.' எழுதினேன். டிரம்மில் ப.வ. என்று பஞ்சவர்ணம் எழுதி வைத்திருந்த இடத்தின் மேலேயே எழுதினேன். அது இப்போது தெரியவில்லை.

"மாப்ள, நீ மண்டபத்துல இருக்க வேண்டிய ஆளே இல்ல, மந்திரியா இருக்க வேண்டிய ஆளு" என்றான் தனக்கோடி. ஊரில் நம்ப ஒருத்தனாவது இருக்கிறானே.

ஜூன் 22, ஞாயிறு

"ஏங்க, கிரைண்டர் எங்க?"

"சர்வீசுக்கு விட்டிருக்கேன்."

"நேத்து முந்தாநாள் வரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சு."

"சத்தம் வந்துச்சு."

"எனக்குக் கேக்கலையே" என்றாள். அப்புறம் பரணில் கிடந்த சின்ன டேபிள் டாப் கிரைண்டரை இறக்கித் துடைத்தாள். அதில் ஒரு தடவைக்கு இரண்டு லிட்டர்தான் ஓடும். அடுத்த ஈடு, அதற்கு அடுத்த ஈடு என்று மத்தியானம்வரை நின்றாள். நான் பேப்பர் படித்தேன்.

ஜூன் 23, திங்கள்

அமீனா சொன்ன மாதிரியே காலையில் வந்தார். கூட இரண்டு ஆள், பேங்க் தரப்பில் ஒரு பையன்.

பஞ்சவர்ணத்திடம் என்ன சொல்வது, யார் இவர்கள் என்று சொல்வது என்று விழித்துக்கொண்டு நிற்கிறேன். அவளோ கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "வாங்க சார், உக்காருங்க" என்கிறாள், மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்கிற மாதிரி. ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து வந்தாள். அதே பை.

அமீனா டிவி, பீரோ, சோபா, என் மொபெட் எல்லாம் எழுதினார். எனக்கு அவள் கழுத்தின்மேல்தான் கண். அவர் அதைக் கவனித்துவிட்டார்.

"தாலிய நாங்க தொட மாட்டோம் சார். கட்டுற துணி, படுக்கிற பாய், சமைக்கிற பாத்திரம் எதுவும் எடுக்கக் கூடாது. பயப்படாதீக."

பஞ்சவர்ணம் பையிலிருந்து பில்லை எடுத்தாள். "சார், எனக்கு மாவு யாவாரம். பிரிட்ஜு, கிரைண்டரு ரெண்டும் என் பேர்ல வாங்குனது."

"அப்ப அதுலயும் கை வைக்க எனக்கு உத்தரவு இல்லம்மா. கடன்காரர் இவர்தான், நீங்க இல்ல. தொழில் பண்றதுக்குன்னு வச்சிருக்கிற கருவி வேற." அவர் அடுப்படியை எட்டிப் பார்த்தார். "பிரிட்ஜ் இருக்கு. கிரைண்டர் எங்க?"

பஞ்சவர்ணம் என்னைப் பார்த்தாள். அமீனாவும் என்னைப் பார்த்தார்.

"சர்வீசுக்குப் போயிருக்கு" என்றேன்.

அவர்கள் போன பிறகு வீட்டில் எதிரொலி கேட்டது. பீரோவைக் காலி செய்யும்போது இந்த டைரியை நல்லவேளை நான் எடுத்துக்கொண்டேன். பஞ்சவர்ணம் துணிகளைத் தரையில் அடுக்கிக்கொண்டே சொன்னாள்:

"வாசல்ல ஒட்டுன நோட்டீஸ கிழிச்சீங்கள்ல, ஓரத்துல பசையோட கொஞ்சம் ஒட்டியிருந்துச்சு. அதுல கோர்ட்டுப் பேரு இருந்துச்சு. நீங்களா சொல்வீங்கன்னு ரெண்டு மாசம் பாத்தேன். அப்பறம் இலவச சட்ட உதவி மையத்துக்குப் போனேன். பர்வீன்னு ஒரு வக்கீலம்மா இருக்காங்க. மாசத் தவணையா கட்டுறதுக்கு மனு போடலாம்னு சொல்லியிருக்காங்க."

என்னிடம் சொல்லாமல் ஏன் போனாய் என்று கேட்டேன். அவள் அடுத்த துணியை எடுத்து மடித்தாள். எனக்குத் தெரியாமல் என் சம்சாரம் இரண்டு மாதமாக ஒரு ரகசியத்தை வைத்திருந்திருக்கிறாள். இதுதான் எனக்கு ஆறவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

கிரைண்டரைக் கொண்டுவரச் சொல்கிறாள். தனக்கோடி குடோனில் இருப்பது அவளுக்குத் தெரியாது. சர்வீஸ்காரன் ஊரில் இல்லை என்றேன்.

அமீனா சொன்னதை நான் நம்பவில்லை. எடுக்க மாட்டேன், எடுக்க மாட்டேன் என்று இரண்டு தடவை சொன்னார். எடுக்க மாட்டாதவன் எதற்கு 'எங்க?' என்று கேட்க வேண்டும்? கொண்டுவந்து இறக்கியதும் ஆளோடு வந்து நிற்பான். அந்தப் பர்வீன் யாரோ, எவருடைய வக்கீலோ. காசு வாங்காமல் ஒருவர் வேலை பார்க்கிறார் என்றால் காசு வேறு எங்கிருந்தோ வருகிறது.

இன்னும் ஒரு மாதம் அங்கேயே இருக்கட்டும்.

ஜூலை 2, புதன்

பஞ்சவர்ணம் இருபது பாக்கெட்டுக்குமேல் போட முடியவில்லை. வாடிக்கைக்காரர்கள் கடை மாவுக்குப் போய்விட்டார்கள். எதிர் வீட்டு ஸ்டெல்லாகூட, "அக்கா, பிள்ளைக ஸ்கூலுக்குப் போகணும்ல" என்று சொல்லிவிட்டாளாம். இவளுக்குத் தோள்பட்டையில் வலி, தைலம் தேய்த்துக்கொண்டு படுக்கிறாள்.

இன்று மண்டபத்தில் பெரிய கல்யாணம். சமையல்கட்டுக்குப் போனால் ஒரு கிரைண்டர் சட்னி அரைத்துக்கொண்டிருக்கிறது. டிரம்மில் சிவப்பாக 'த.கோ.'. கோ-வில் கால் கொஞ்சம் கோணல். என் கையெழுத்து.

தனக்கோடியைத் தனியாக இழுத்துக் கேட்டேன்.

"சும்மா கெடந்தா கல்லு வீணாப்போயிரும் மாப்ள. ஓடிக்கிட்டே இருந்தாத்தான் மெஷினு நல்லாருக்கும்" என்றான்.

அதுவும் நியாயம்தான். வாடகைக் காசைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. மேடையில் விளக்கு ஜகஜ்ஜோதியாக எரிந்தது. அந்த விளக்குகளைப் பார்த்தால் எனக்கு எப்போதும் ஒரு மாதிரி இருக்கும். சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

ஜூலை 11, வெள்ளி

தனக்கோடி குடோனில் ஜப்தி.

ஏதோ ஃபைனான்ஸில் எட்டு லட்சம் வாங்கியிருக்கிறான். அவன்மேலும் தீர்ப்பு. என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. காலையில் அதே ஒல்லி அமீனா வந்து குடோனைத் திறந்து, அண்டா, நாற்காலி, பந்தல் துணி, விளக்கு எல்லாம் எழுதி லாரியில் ஏற்றிவிட்டாராம். மண்டபத்து வாட்ச்மேன் வந்து சொன்னான். நான் ஓடினேன். லாரி கிளம்பிக்கொண்டிருந்தது. கிரைண்டர் பின்பக்கம் ஓரமாக நின்றது, கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள்.

"சார், அது எங்க வீட்டுது" என்றேன்.

அமீனா என்னை அடையாளம் கண்டுகொண்டார். கிரைண்டரைச் சுற்றி வந்து பார்த்தார். "எல்லாத்துலயும் இருக்கிற அதே அடையாளம் இதுலயும் இருக்கே சார். மூணு எடத்துல இருக்கு. குடோன்ல இருந்துச்சு, அவர் அடையாளம் இருக்கு. நான் எப்படி விட முடியும்? உங்க வீட்டுதுன்னா கோர்ட்டுல மனு போடுங்க." கொஞ்சம் தள்ளிப் போய்த் திரும்பி வந்தார். "அன்னைக்கே சொன்னேனே சார், வீட்டுல இருந்தா தொட மாட்டேன்னு."

தனக்கோடி போன் அணைந்திருக்கிறது.

ஜூலை 12, சனி

சொல்லிவிட்டேன். எல்லாம் இல்லை, கிரைண்டர் சமாச்சாரம் மட்டும்.

பஞ்சவர்ணம் உளுந்து கழுவிக்கொண்டிருந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருக்கலாம். தண்ணீரை வடித்துவிட்டு உட்கார்ந்தாள்.

"அமீனா நம்ம வீட்டுல வந்து தப்பா எடுத்துட்டுப் போயிருந்தாக்கூட, பில்லக் காட்டித் திரும்ப வாங்கியிருப்பேன். நீங்க எடுத்துட்டுப் போனத நான் எந்தக் கோர்ட்டுல போய்க் கேக்க?"

இந்த முப்பது வருஷத்தில் அவள் என்னிடம் பேசியதிலேயே மெதுவாகப் பேசியது இதுதான். எனக்கு அவமானமாக இருந்தது. அழுகையும் வந்தது, கொல்லைப் பக்கம் போய்விட்டேன்.

ஜூலை 14, திங்கள்

சட்ட உதவி மையம். பர்வீன் வக்கீல் சின்னப் பெண், எங்களுக்கு ஒரு மகள் இருந்திருந்தால் அந்த வயதுதான் இருக்கும். என்னைத் திட்டவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

"ஏலம் விடுறதுக்கு முன்னாடி அம்மா பேர்ல மனு போடணும் சார். பில்லு இருக்கு. ஆனா அதுல மெஷின் நம்பர் இல்ல. மெஷின்ல அவர் கடை அடையாளம் இருக்கு. அது எப்படி வந்துச்சுன்னு எழுதின ஆளே சத்தியம் பண்ணிச் சொன்னாத்தான் கோர்ட்டு நம்பும்."

"நான் ஜப்திக்கு மறைச்சேன்னு நானே எழுதிக் கொடுத்தா, என்னைய ஜெயில்ல போடுவாங்கல்ல?"

"சொத்த மறைச்சா பிரச்னைதான் சார். ஆனா அது உங்க சொத்தா?"

நான் மேஜைமேல் கிடந்த பில்லைப் பார்த்தேன்.

"அது அம்மாவோடது. உங்க கடனுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அத மொதல்ல நீங்க ஒத்துக்கணும். கடன் கட்ட முடியாததுக்காக மட்டும் யாரையும் ஜெயிலுக்கு அனுப்ப மாட்டாங்க. யோசிச்சுட்டு வாங்க."

நான் கையெழுத்துப் போடவேண்டிய சத்தியப் பத்திரத்தை வீட்டுக்கு எடுத்து வந்தேன். 'என் மனைவிக்குத் தெரியாமல்' என்று நாலு இடத்தில் போட்டிருக்கிறது. ஒரு இடத்தில் போட்டால் போதாதா? வக்கீலும் இவளும் சேர்ந்து என் வாயாலேயே என்னை மாட்டவைக்கிறார்களோ என்று தோன்றுகிறது. கையெழுத்துப் போடவில்லை.

ஜூலை 17, வியாழன்

தெரியாத நம்பரிலிருந்து தனக்கோடி.

"மாப்ள, கிரைண்டர் என்னோடதுன்னே இருந்துட்டுப் போகட்டும். நீ பெயிண்ட் அடிச்சேன்னு சொன்னேன்னு வையி, அப்ப மேடை லைட்டு யாரு வாங்குனதுன்னு தோண்டுவாய்ங்க. ஒன் கார்டுல மூணு லட்சத்துக்குத் தேச்சது வெளிய வரும். தங்கச்சிக்குத் தெரிஞ்சா நல்லாவா இருக்கும்? ஒனக்காகத்தான் சொல்றேன்."

ஊரில் இவன் ஒருத்தனாவது என் குடும்பத்தை நினைக்கிறானே என்று முதலில் நினைத்தேன். போனை வைத்த பிறகு வேறு மாதிரியும் தோன்றியது. அதை எழுதப் பிடிக்கவில்லை.

ஜூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. போன வருஷம் இதே நாளில் நூற்றுப் பத்துப் பாக்கெட் போட்டாள். இன்று பதினெட்டு.

ஜூலை 20, ஞாயிறு

ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது சொல்லிவிட்டேன். "அந்தக் கார்டுக் கடன் வீட்டுச் செலவு இல்ல. தனக்கோடிக்கு லைட்டு வாங்கிக் கொடுத்தேன். ரெண்டு மாசத்துல தாறேன்னான்."

பஞ்சவர்ணம் ரசம் ஊற்றினாள்.

"தெரியும்."

"எப்பிடி?"

"வீட்டுச் செலவு பூரா நான் பாக்கிறேன். மூணு லட்சத்துக்கு இந்த வீட்டுல என்ன செலவு நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா? ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி லைட்டு வந்த அன்னைக்கு, பத்து வருஷத்துல மொதத் தடவையா என்னைய மண்டபத்துக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டுனீங்க. அப்பவே நெனச்சேன்."

தனக்கோடி எதை வைத்து மிரட்டினானோ அது இவளிடம் இரண்டு வருஷமாக இருந்திருக்கிறது. அவனை நம்பினேன், இவளைப் பின்தொடர்ந்து பழக்கடையில் ஒளிந்து நின்றேன். என்னைப்போல ஒரு புத்திசாலி இந்த ஊரில் கிடைக்கமாட்டான்.

ஜூலை 21, திங்கள்

கையெழுத்துப் போட்டேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

கூண்டில் ஏறினேன். கம்பியைப் பிடித்தால் வேர்வை வழுக்கியது. ஃபைனான்ஸ்காரர் தரப்பு வக்கீல் கேட்டார்.

"கிரைண்டர்ல 'த.கோ.'ன்னு இருக்கே, அது யார் அடையாளம்?"

"தனக்கோடி கடை அடையாளம்."

"அப்ப அது தனக்கோடியோட பொருள்."

"இல்லைங்க. என் சம்சாரத்தோடது. அடையாளத்த எழுதுனது நான்."

"நண்பரைக் காப்பாத்த உங்க சம்சாரம் பேரைச் சொல்றீங்க. வேற எவனாவது தன் வீட்டுப் பொருள்ல அடுத்தவன் பேரை எழுதுவானா?"

எழுதியவன் நின்றுகொண்டிருக்கிறேனே என்று சொல்லவேண்டும்போல இருந்தது. நீதிபதியம்மா என் பக்கம் திரும்பினார்.

"ஏன் எழுதினீங்க?"

"அமீனா கண்ணுல பட்டாலும் தெரியக் கூடாதுன்னுங்க."

"மனைவிகிட்ட என்ன சொன்னீங்க?"

"சர்வீசுக்குப் போயிருக்குன்னு."

"அமீனாவே வீட்டுக்கு வந்து, அதை எடுக்க மாட்டோம்னு சொன்னதா மனுவில இருக்கு. அதுக்கப்புறமாவது ஏன் திரும்பக் கொண்டுவரலை?"

"நம்பலைங்க."

"யாரை நம்பலை?"

பஞ்சவர்ணம் பெஞ்சில் மூன்றாவது ஆளாக உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை, கையில் இருந்த பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அமீனாவ நம்பல, வக்கீலம்மாவ நம்பல, என் சம்சாரத்தையும் நம்பலைங்க. தனக்கோடிய மட்டும் நம்புனேன்."

பின்னாலிருந்த யாரோ சிரித்தார்கள். நீதிபதியம்மா நிமிர்ந்து பார்த்ததும் அடங்கிவிட்டது. அவர் எழுதிக்கொண்டார். இறங்கச் சொன்னார்கள்.

வெளியே வந்து பஞ்சவர்ணம் டீ வாங்கிக் கொடுத்தாள். சர்க்கரை அதிகம் என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

மனுவில் தீர்ப்பு நம் பக்கம். கிரைண்டரை விடுவித்து உத்தரவு. என் கடனுக்கு மாதம் ஆறாயிரம் தவணை என்று பேங்க் கேஸ் நடந்த கோர்ட்டில் ஏற்றுக்கொண்டார்கள். டிவியும் பீரோவும் மொபெட்டும் ஏலத்தில் போனது போனதுதான். ஐந்து வருஷம் கட்டவேண்டும். மண்டபத்துக்கு நடந்து போகிறேன், வயிறு கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

செப்டம்பர் 4, வியாழன்

ஜப்திச் சாமான் போட்டுவைக்கிற கோர்ட்டுக் கிட்டங்கியிலிருந்து கிரைண்டரை எடுத்து வந்தோம். தூசியும் எலிப் புழுக்கையுமாக இருந்தது, மற்றபடி பழுதில்லை. லோடு ஆட்டோவில் முன்னால் பஞ்சவர்ணம், பின்னால் கிரைண்டரைப் பிடித்துக்கொண்டு நான்.

எங்கள் தெரு வந்தது. ஆட்டோ வேகம் குறையவில்லை.

"ஏய், வீடு இங்கிட்டு இருக்கு" என்று கத்தினேன்.

"தெரியும். நீங்க நேரா போங்க தம்பி" என்று டிரைவரிடம் சொன்னாள் பஞ்சவர்ணம்.

அடுத்த தெருவில், மாவு மில்லுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. ஷட்டர் போட்டது, தண்ணீர்க் குழாய் உண்டு. மாதம் ஆயிரத்து ஐந்நூறாம். எப்போது பார்த்தாள், எப்போது முன்பணம் கொடுத்தாள், எதுவும் எனக்குத் தெரியாது. நானும் டிரைவரும் கிரைண்டரை இறக்கி உள்ளே வைத்தோம். அவள் ஒரு துணியில் மண்ணெண்ணெய் தொட்டு 'த.கோ.'வைத் துடைக்க ஆரம்பித்தாள். நல்ல பெயிண்ட், லேசில் போகவில்லை. நான் ஸ்டாண்டில் இருந்ததைத் துடைத்தேன். அரைமணி நேரம் ஆனது.

ஷட்டரை இழுத்துப் புதுப்பூட்டுப் போட்டாள். பூட்டோடு இரண்டு சாவி வந்திருந்தது. இரண்டையும் ஒரே கயிற்றில் கோத்து இடுப்பில் செருகினாள்.

"ஒண்ணு எங்கிட்ட இருக்கட்டுமே" என்றேன்.

"எதுக்கு?"

"ஒரு அவசரத்துக்கு."

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

"கோர்ட்டு உங்கள நம்பிருச்சுங்க. எனக்கு இன்னும் கொஞ்ச நாளாகும்."

செப்டம்பர் 5, வெள்ளி

விடியற்காலையில் அரிசியும் உளுந்தும் ஊறிய இரண்டு தூக்கையும் நான் தூக்கிக்கொண்டு போனேன். பஞ்சவர்ணம் பின்னால் வந்துகொண்டிருந்தாள். தூக்குகளை ஷட்டர் முன்னால் இறக்கிவைத்துவிட்டு, அவள் வந்து திறக்கட்டும் என்று ஒதுங்கி நின்றேன்.